முதல்வரின் மேசையில் மூன்று கோப்புகள்
உயர்கல்வி நிருவாகிகளுக்கு வேண்டிய மனிதவள மேலாண்மைத் திறன்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலை கரமனை ஆற்றைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்கிறது. ஆற்றை ஒட்டிய அக்கிரகாரத் தெருக்களில் இன்றும் தமிழ் கேட்கும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடுத்தடுத்துக் கல்வி நிறுவனங்கள் அமைந்திருக்கின்றன. நீறமண்கரையில் 1951-இல் தொடங்கப்பெற்ற என்.எஸ்.எஸ். மகளிர் கல்லூரி, கைமனத்தில் அரசு மகளிர் பாலிடெக்னிக், பாப்பனங்கோட்டில் 1995-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் பொறியியற் கல்லூரி. காலை ஒன்பது மணிக்கு இச்சாலையில் பேருந்துக்குக் காத்திருப்போரில் பாதிப்பேர் மாணவர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருப்பார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை யாவும் ஒரே வகையான கல்வி நிறுவனங்களாகத் தோன்றும். பணிபுரிவோரின் நிலையோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. அரசு உதவிபெறும் கல்லூரியில் பணி நியமனம் செய்வது நிருவாகக் குழு. ஒப்புதல் அளிப்பது பல்கலைக்கழகம். ஊதியம் தருவது அரசு. அரசு நிறுவனத்தில் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது, இடமாற்றமும் உண்டு. தன்னிதிக் கல்லூரியில் ஊதியத்துக்கு மாணவர் கட்டணமே ஆதாரம். ஆயினும் இம்மூன்றின் தலைமை இருக்கையில் அமர்பவர் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே: மனிதர்களைக் கொண்டு நடக்கும் ஒரு நிறுவனத்தை எவ்வாறு நடத்துவது?

இக்கேள்வி கல்லூரிச் சுவர்களுக்குள் அடங்குவதன்று. நம் வங்கியின் வாடிக்கையாளர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஓய்வூதியர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளின் கல்விக்குக் கடன் பெற்ற பெற்றோரும் இருக்கிறார்கள். ஒரு முதல்வர் தம் பணியாளர்களை நடத்தும் முறை இவர்கள் அனைவரின் வாழ்விலும் எதிரொலிக்கிறது.

பேராசிரியர் முதல்வராகும் நாள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், கல்லூரி முதல்வராவதற்கு முனைவர் பட்டமும், கற்பித்தலிலோ ஆய்விலோ 15 ஆண்டு அனுபவமும், குறைந்தது 10 ஆய்வு வெளியீடுகளும் வேண்டும் என்கின்றன. பதவிக்காலம் 5 ஆண்டுகள். செயல்பாட்டை மதிப்பிட்டு மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். அதன்பின் அவர் பேராசிரியராகத் தம் தாய் நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே விதி.

இத்தகுதிகள் அனைத்தும் அறிவைக் குறித்தவை. பதினைந்து ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவருக்கு வேதிவினைகள் தெரியும். இரண்டு ஆசிரியர்களுக்கு இடையே மூன்றாண்டுகளாக நீடிக்கும் மனக்கசப்பை எவ்வாறு தீர்ப்பது என்பதை யாரும் அவருக்குக் கற்பித்ததில்லை. நேற்றுவரை ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களுக்கு இன்று முதல் அவர் மேலதிகாரி. பதவிக்காலம் முடிந்தபின் அவர்களிடையே மீண்டும் சகாவாக அமரவும் நேரலாம்.

தனியார் நிறுவன மேலாளர் ஒருவரிடம் சில கருவிகள் உண்டு. நன்கு உழைப்பவருக்கு ஊக்கத்தொகை தரலாம், உழைக்காதவரை விலக்கலாம். அரசு உதவிபெறும் கல்லூரியின் முதல்வரிடம் இவை இல்லை. கேரளத் தனியார் கல்லூரி ஆசிரியர்கள் ஒரு காலத்தில் நிருவாகத்தின் கையை எதிர்பார்த்தே ஊதியம் பெற்றனர். நீண்ட போராட்டங்களின் பின் 1972-இல் அரசு அவர்களுக்கு நேரடியாக ஊதியம் வழங்கும் முறை வந்தது. பணியாளர்களுக்கு அது பெரும் பாதுகாப்பு. இன்று ஊதியப் பட்டியல் 'ஸ்பார்க்' எனும் கணினி அமைப்பின் வழியே செல்கிறது. எவருக்கு எவ்வளவு என்பதை விதிகள் முடிவு செய்கின்றன.

அப்படியானால் முதல்வரின் கையில் எஞ்சுவது என்ன? ஒரு கோப்பு எந்த நாளில் தம் மேசையைவிட்டு நகரும் என்பது. வேலை எவ்வாறு பகிரப்படும் என்பது. ஒருவரிடம் எந்தச் சொல்லைச் சொல்வது என்பது. காலம், நேர்மை, சொல் ஆகிய இம்மூன்றைக் கொண்டே அவர் மனிதவளத்தை ஆள வேண்டும். சூன் மாதக் காலை ஒன்றில் ஒரு முதல்வரின் மேசைமேல் மூன்று கோப்புகள் காத்திருப்பதாக எண்ணிப் பார்ப்போம்.

முதல் கோப்பு: இருபத்தொரு நாள் அனுமதி

இளம் உதவிப் பேராசிரியர் ஒருவர் பயிற்சிக்குச் செல்ல அனுமதி கேட்கிறார். துறையில் ஏற்கெனவே ஆள் குறைவு. 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று எழுதி அனுப்பிவிடுவது எளிது.

அந்த ஒரு வரியின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மேற்கூறிய விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் கல்விநிலை 10-இலிருந்து 11-க்கு உயர, முனைவர் பட்டம் உடையவருக்கு 4 ஆண்டுகளும், ஆய்வியல் நிறைஞர் பட்டம் உடையவருக்கு 5 ஆண்டுகளும், ஏனையோருக்கு 6 ஆண்டுகளும் பணிக்காலம் தேவை. அதனோடு 21 நாள் அறிமுகப் பயிற்சியையும், புத்தொளிப் பயிற்சி போன்ற வேறொன்றையும் முடித்திருக்க வேண்டும். ஏழாவது ஊதியக்குழு அட்டவணையில் நிலை 10-இன் தொடக்க ஊதியம் 57,700 ரூபாய். நிலை 11-இன் தொடக்கம் 68,900 ரூபாய். பயிற்சி தள்ளிப்போனால் உயர்வு தள்ளிப்போகும். அதற்கடுத்த உயர்வுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தங்கும். வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவரது தகுதித்தொகையிலும் அந்த வரி வந்து நிற்கும்.

திறமையுள்ள நிருவாகி விண்ணப்பம் வரும்வரை காத்திருப்பதில்லை. யார் எந்த ஆண்டில் உயர்வுக்குத் தகுதி பெறுகிறார்கள் என்ற பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைக்கிறார். யார் எப்போது பயிற்சிக்குப் போவது, அவர்களுடைய வகுப்புகளை யார் ஏற்பது என்பதைத் துறைத்தலைவர்களோடு அமர்ந்து முடிவு செய்கிறார். மனிதவளத் திட்டமிடல் என்று நூல்கள் கூறுவது கல்லூரியில் இப்பட்டியலாகவே உருவெடுக்கிறது.

இரண்டாம் கோப்பு: பணிப்பதிவேடு

அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய எழுத்தர் ஒருவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவரது பணிப்பதிவேட்டில் பத்தாண்டுகளுக்கு முந்தைய விடுப்புக் கணக்கு நிரப்பப்படவில்லை. நியமன ஒப்புதலின் நகல் ஒன்றையும் காணவில்லை.

கேரளத்தில் மே 31 அன்று அரசு ஊழியர்கள் பெருந்திரளாக ஓய்வு பெறுவது ஆண்டுதோறும் செய்தியாகும். சூனில் பள்ளி தொடங்குவதால் பிள்ளையின் பிறந்தநாளை மே மாதத்தில் பதிந்துவிடும் பழைய வழக்கமே அதற்குக் காரணம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்போர் 56 வயதில் ஓய்வு பெறுகின்றனர். 2013 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வருவர். அவர்களுக்கு ஓய்வு வயது 60. முந்தையோருக்குப் பணிப்பதிவேட்டின் ஒவ்வொரு பக்கமும் ஓய்வூதியத்தின் அடித்தளம். பிந்தையோருக்கு ஓய்வூதியக் கணக்கு எண் பெற்று, மாதப் பிடித்தம் காலத்தில் தொடங்குவதே அடித்தளம். முதல் ஆண்டில் செலுத்தப்படாத தொகை முப்பதாண்டு வளர்ச்சியை இழந்துவிடுகிறது என்பதை வங்கி வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியரல்லாத பணியாளர்களைக் கல்லூரிகள் எளிதில் மறந்துவிடுகின்றன. ஆசிரியர் கூட்டம் மாதந்தோறும் நடக்கும். எழுத்தர்களும் ஆய்வக உதவியாளர்களும் நூலகப் பணியாளர்களும் முதல்வரோடு அமர்ந்து பேசும் வாய்ப்பு எத்தனை முறை வாய்க்கிறது? சேர்க்கை நாளில் அழுதுகொண்டு வரும் மாணவியையும் அவள் தந்தையையும் முதலில் சந்திப்பவர் அலுவலக எழுத்தரே. அவரை மதிப்போடு நடத்தும் நிறுவனத்தில் அவரும் பிறரை மதிப்போடு நடத்துவார்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பணியாளரையும் அழைத்து, அவரது பணிப்பதிவேட்டை அவர் கண்முன் திறந்து, பதிவுகளைச் சரிபார்த்து ஒப்பமிடச் செய்வது நல்ல வழக்கம். ஒருவருக்கு அரைமணி நேரம் போதும். ஓய்வுபெற்ற பின் அலுவலகம் அலுவலகமாக அலையும் மாதங்களை அந்த அரைமணி நேரம் மிச்சப்படுத்தும்.

மூன்றாம் கோப்பு: கௌரவ விரிவுரையாளரின் பட்டியல்

மூன்றாம் கோப்பு மிக மெல்லியது. கௌரவ விரிவுரையாளர் ஒருவர் சென்ற பருவத்தில் எடுத்த வகுப்புகளுக்கான மதிப்பூதியப் பட்டியல் அது. கையொப்பம் ஒன்று விடுபட்டதால் திரும்பி வந்திருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என வகுத்தது. மாநிலங்களில் நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் இதனினும் குறைவு. அதுவும் மாதக்கணக்கில் தாமதமாவது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பழகிய செய்தி. முனைவர் பட்டம் பெற்று, நிலையான பணிக்குக் காத்திருக்கும் இவர்களே பல துறைகளில் பாதி வகுப்புகளைத் தாங்குகிறார்கள்.

இவர்களுக்கு நிலையான பணி அளிக்கவோ ஊதியத்தை உயர்த்தவோ முதல்வரால் இயலாது. இயன்றவை வேறு பல உண்டு. பட்டியலைக் குறிப்பிட்ட தேதிக்குள் பிழையின்றி அனுப்பலாம். ஆசிரியர் அறையில் ஒரு மேசையும் நூலக அட்டையும் தரலாம். துறைக் கூட்டத்துக்கு அழைக்கலாம். பணி முடியும்போது கேட்டு அலையவிடாமல் அனுபவச் சான்றிதழ் வழங்கலாம். இவற்றுக்கு அரசாணை தேவையில்லை. மாதத் தொடக்கத்தில் 'ஊதியம் வரவு வைக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி எல்லாருடைய கைப்பேசியிலும் ஒலிக்கும் அறையில் ஒருவருடையது மட்டும் ஒலிக்காமல் இருப்பது என்னவென்று எண்ணிப் பார்ப்பவரே நல்ல நிருவாகி.

வேலையைப் பகிரும் நேர்மை

கோப்புகளைக் கடந்து, நாள்தோறும் முதல்வரைச் சோதிப்பது கால அட்டவணை. விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தல். எண்ணிக்கை சமமாக இருந்தாலும் சுமை சமமாக இருப்பதில்லை. மாலையின் கடைசி வகுப்பு எப்போதும் இளையவருக்கே. தேர்வுப்பணி எப்போதும் மறுக்கத் தெரியாதவருக்கே. தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் அறிக்கை எழுதும் பொறுப்பு, நன்றாக எழுதுபவர் என்ற ஒரே குற்றத்துக்காக ஒருவர் தலையிலேயே ஆண்டுதோறும் விழுகிறது. வேலையைச் செய்பவருக்கு மேலும் வேலை, தட்டிக்கழிப்பவருக்கு ஓய்வு என்ற நிலை வந்துவிட்டால், ஐந்தாண்டுகளில் திறமையாளரும் தட்டிக்கழிக்கக் கற்றுக்கொள்வார்.

இதற்கு மருந்து எளியது. கற்பித்தலுக்கு அப்பாற்பட்ட பணிகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, யார் எதை எத்தனை ஆண்டுகள் செய்தார் என்பதை எல்லாரும் காணும்படி வைத்துச் சுழற்சி முறையில் பகிர்ந்தளிப்பதே அது. மறைவில் எடுத்த சரியான முடிவைவிட, வெளிப்படையாக எடுத்த முடிவை மனிதர்கள் எளிதில் ஏற்கிறார்கள்.

விலகி நிற்கத் தெரிவதும் ஒரு திறன். பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் 2016-இல் வெளியாயின. அவற்றின்படி, உயர் நிருவாகப் பொறுப்பில் இருப்போர் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினராக இருத்தல் ஆகாது. விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். 'நானே இருவரையும் அழைத்துப் பேசி முடித்துவிடுகிறேன்' என்று நல்லெண்ணத்தோடு இறங்கும் முதல்வர் விசாரணையின் நடுநிலையைக் குலைத்துவிடுகிறார். குழுவை முறையாக அமைத்து, அது தடையின்றி இயங்க வழிசெய்வதே அவர் கடமை.

திருவனந்தபுரமும் சென்னையும் காட்டும் பாடம்

மேற்கூறியவை அன்றாட நேர்மை. மனிதவள மேலாண்மைக்கு மற்றொரு முகம் உண்டு: ஒருவரிடம் உள்ள ஆற்றலை அவருக்கு முன்பே கண்டறிந்து இடம் கொடுத்தல். இதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேட வேண்டியதில்லை.

இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என வழங்கும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி என்ற ஆங்கிலேயர் தத்துவம் கற்பித்தார். ஆலப்புழையில் 1855-இல் பிறந்து அக்கல்லூரியில் பயின்ற தமிழ் இளைஞர் ஒருவரின் திறனை அவர் உணர்ந்து ஊக்குவித்தார். பின்னாளில் அந்த இளைஞரே அங்குத் தத்துவப் பேராசிரியரானார். அவர்தாம் 1891-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை. பேரூர்க்கடையில் அமைத்த தம் இல்லத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஹார்விபுரம்'. தன்னை வளர்த்தவரை ஒரு பணியாளர் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மற்றொன்று சென்னையில் நிகழ்ந்தது. ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க அவர் முதலில் நாடியது சர் சி. வி. ராமனை. ராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவர் ஒருவரைப் பரிந்துரைத்தார். எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல் அப்பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது முப்பது. அவருடைய தந்தை எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர்.

புதிய துறை, முப்பது வயதுத் தலைவர். மூத்தோர் பலர் இருக்க ஓர் இளைஞரை நம்பிய துணைவேந்தர், ஆய்வகம் அமைக்கத் துணைநின்றார். இரண்டே ஆண்டுகளில், 1954-இல், ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தை உலகுக்கு அறிவித்தனர். புரதங்களின் வடிவத்தைச் சோதிக்க இன்றும் உலகெங்கும் பயன்படும் 'ராமச்சந்திரன் வரைபடம்' 1963-இல் அங்கிருந்தே வெளிவந்தது.

முதலியார் 1969-இல் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே ராமச்சந்திரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தை நீங்கினார். பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை உருவாக்கினார். ஒரு நிருவாகியின் நம்பிக்கையில் வளர்ந்த சூழல், அவர் சென்றபின் தானே நிலைக்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே நல்ல தலைவர் தம் காலத்திலேயே நடைமுறைகளை எழுதி வைக்க வேண்டும். அடுத்து வருபவரை அருகில் வைத்துப் பழக்க வேண்டும். துணை முதல்வரையும் துறைத்தலைவர்களையும் நிதிக்கூட்டங்களில் அமரச் செய்வது அதற்கு நல்ல தொடக்கம்.

பயிலக்கூடிய திறன்

இத்திறன்கள் பிறவிக்கொடை அல்ல, பயின்று பெறக்கூடியவை. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, கல்லூரி ஆசிரியர்களுக்கெனப் பயிற்சி மையங்கள் நாடெங்கும் தோன்றின. அவை பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், இப்போது மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் வழங்குகின்றன. கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்திலும் அத்தகைய மையம் உண்டு. கல்வி நிருவாகிகளுக்கென்றே புதுதில்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் நிருவாக நிறுவனம் இயங்குகிறது. முதல்வரான பின் பயிற்சி பெறுவதைவிட, துறைத்தலைவராக இருக்கும்போதே பெறுவது பயன் தரும்.

பொறுப்பேற்கும் நிருவாகி தம் மேசைக் கண்ணாடியின்கீழ் வைத்துக்கொள்ளத்தக்க சில குறிப்புகள்:

• வாரத்தில் ஒரு குறிப்பிட்ட மணி நேரம், முன்னனுமதியின்றி எந்தப் பணியாளரும் வந்து பேசலாம் என அறிவிக்கவும். அந்த நேரத்தில் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டா.

• ஒரு பணியாளரின் பணம், பதவி உயர்வு, விடுப்பு தொடர்பான கோப்பு மூன்று வேலைநாட்களுக்கு மேல் தம் மேசையில் தங்காதவாறு பார்த்துக்கொள்ளவும்.

• பாராட்டைப் பலர்முன் கூறவும். குறையைத் தனியே கூறவும். இரண்டையும் குறிப்பிட்ட செயலைச் சுட்டிக் கூறவும்.

• மறுக்க வேண்டிய விண்ணப்பத்தைக் காரணத்துடன் உடனே மறுக்கவும். காலவரையின்றிக் காக்கவைப்பது மறுப்பினும் கொடிது.

• முன்பு தம்மோடு முரண்பட்டவரின் கோப்பையே அன்றைய முதற்கோப்பாக எடுக்கவும்.

மாலையில் கரமனைச் சாலையில் கல்லூரிப் பேருந்துகள் திரும்புகின்றன. முதல்வரின் மேசைமேல் இருந்த மூன்று கோப்புகளில் இரண்டுக்கு ஒரு கையொப்பம் போதும். மூன்றாவதற்கு அலுவலகப் பணியாளரோடு ஒரு பிற்பகல் அமர வேண்டும். அவை இன்றே நகர்ந்தால், ஓர் இளம் ஆசிரியரின் உயர்வு உரிய ஆண்டில் வரும். ஓர் எழுத்தரின் முதல் ஓய்வூதியம் உரிய மாதத்தில் வரவாகும். ஒரு கௌரவ விரிவுரையாளர் இம்மாத வாடகையைக் கடன் வாங்காமல் கொடுப்பார். அவர்களில் ஒருவர் நாளை நம் வங்கிக் கிளையில் உங்களுக்கு முன்னே வரிசையில் நிற்கக்கூடும். அவர் முகத்தில் தெரியும் அமைதி, எங்கோ ஒரு நிருவாகி தம் வேலையைச் சரியாகச் செய்ததன் வரவு.